அசெக்கியா: ஒரு ஸ்பானிஷ் பாசனச் சொல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பெயின், நியூ மெக்சிகோ, பெரு, அர்ஜென்டினா என்று ஸ்பானிஷ் புழங்கும் எந்தப் பகுதியின் பாசனத்தைப் பற்றிப் படித்தாலும் 'அசெக்கியா' என்ற சொல் வந்துவிடும். அகராதியைப் புரட்டினால் 'பாசன வாய்க்கால்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். அது தப்பில்லை. ஆனால் அந்த ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டு படித்தால் பாதி வாக்கியங்கள் பிடிபடாது. ஸ்பானிஷ் கற்பவர்களும் மொழிபெயர்ப்பாளர்களும் நீர் மேலாண்மை படிப்பவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அசெக்கியா என்றால் என்ன?

ஆற்றிலிருந்தோ ஊற்றிலிருந்தோ தண்ணீரைத் திருப்பி, நிலத்தின் சரிவை மட்டுமே நம்பி வயல்களுக்குக் கொண்டுபோகும் வாய்க்கால். பம்பு கிடையாது. பழையவை பெரும்பாலும் மண்ணில் வெட்டியவை. பாறைப் பகுதிகளில் கல் அடுக்கிக் கட்டியிருப்பார்கள்.

இதன் சூட்சுமம் சரிவில்தான் இருக்கிறது. ஒரு ஆறு கிலோமீட்டருக்கு 10 மீட்டர் இறங்குகிறது என்று வையுங்கள். அதிலிருந்து பிரியும் அசெக்கியாவைக் கிலோமீட்டருக்கு 2 மீட்டர் மட்டும் இறங்கும்படி மலையோரமாக வளைத்து வெட்டுவார்கள். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போய்ப் பார்த்தால் ஆற்றைவிட 8 மீட்டர் உயரத்தில் வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் நிலம் முழுக்கப் பாசனம் பெறும். அசெக்கியாவுக்குக் கீழே பச்சை, மேலே வறண்ட முள்காடு. தெற்கு ஸ்பெயினின் கிரனாடா மலைகளின் படங்களைப் பார்த்தால் கோடு கிழித்ததுபோல் இந்தப் பிரிவு தெரியும். அந்தக் கோடுதான் அசெக்கியா.

எப்படி உச்சரிப்பது, தமிழில் எப்படி எழுதுவது?

மூன்று அசை: அ, செக், கியா. அழுத்தம் நடு அசையில். லத்தீன் அமெரிக்காவிலும் நியூ மெக்சிகோவிலும் 'அசெக்கியா' என்கிறார்கள். ஸ்பெயினின் பெரும்பகுதியில் அந்தச் சகரம் நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்து ஊதும் ஒலியாக மாறிவிடும். காதுக்கு 'அதெக்கியா' போலக் கேட்கும். கிழக்கு ஸ்பெயினில் பேசும் வலென்சியா மொழியில் முன்னால் இருக்கும் அகரம் போய் 'செக்கியா' என்று நிற்கிறது.

எழுத்தில் 'அசெக்கியா' போதும். இந்தப் பக்கத்தில் ஸ்பெயின் ஊர்களின் சொற்களையும் இதே சகர முறையிலேயே எழுதியிருக்கிறேன்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

அரபியிலிருந்து. 'அஸ்ஸாகியா' என்பது மூலம். 'ஸகா' என்ற வினைக்கு நீர் கொடுத்தான், குடிக்கக் கொடுத்தான் என்று பொருள். உருது கஜல்களில் கோப்பை நிரப்பித் தருகிற 'ஸாகி' வருவாரே, அவரும் இதே வேரில் முளைத்தவர்தான்.

சொல்லின் தொடக்கத்தில் இருக்கும் அகரம் அரபியின் 'அல்' என்ற சுட்டு, ஆங்கிலத்தின் 'the' போன்றது. ஸகரத்துக்கு முன்னால் 'அல்' வந்தால் லகரம் மறைந்து 'அஸ்' ஆகிவிடும். அந்தச் சுட்டோடு சேர்த்தே ஸ்பானிஷ் வாங்கிக்கொண்டது. 8-ஆம் நூற்றாண்டு முதல் ஐபீரியத் தீபகற்பத்தின் பெரும்பகுதி முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அங்கே வளர்ந்த பாசன முறையோடு அதன் சொற்களும் ஸ்பானிஷில் தங்கிவிட்டன. தடுப்பணைக்கு 'அசூத்', நீர்ச் சக்கரத்துக்கு 'நோரியா', தொட்டிக்கு 'அல்பெர்கா', மழைநீர் சேமிக்கும் நிலவறைக்கு 'அல்ஹீபே' என்று நீர் சம்பந்தப்பட்ட அரபிச் சொற்கள் ஸ்பானிஷில் ஏராளம்.

ஒரு எச்சரிக்கை. எகிப்தில் 'ஸாகியா' என்றால் மாடு சுற்றி இழுக்கும் நீர்ச் சக்கரம். மேற்கே, வடமேற்கு ஆப்பிரிக்காவின் மக்ரெப் நாடுகளில் வாய்க்கால். ஸ்பானிஷுக்கு வந்தது இந்த மேற்குப் பொருள்தான். மேற்கு சஹாராவில் 'ஸாகியா எல் ஹம்ரா' என்ற பகுதியின் பெயருக்கு 'சிவந்த வாய்க்கால்' என்று அர்த்தம்.

'எல் அசெக்கியா' என்று எழுதலாமா?

கூடாது. ஸ்பானிஷில் ஆண்பாற் சொல்லுக்கு முன் 'எல்', பெண்பாற் சொல்லுக்கு முன் 'லா' என்ற சுட்டு வரும். அசெக்கியா பெண்பாற் சொல். எனவே 'லா அசெக்கியா', பன்மையில் 'லாஸ் அசெக்கியாஸ்'. தண்ணீருக்கு 'எல் ஆகுவா' என்று வருவதைப் பார்த்து இங்கேயும் 'எல்' போட்டுவிடுகிறார்கள். ஆகுவாவில் முதல் அகரத்தின் மேல் அழுத்தம் விழுகிறது, அதனால் அந்த விலக்கு. அசெக்கியாவில் அழுத்தம் இரண்டாவது அசைக்குப் போய்விட்டதால் வழக்கமான பெண்பாற் சுட்டுதான்.

கனால், சாங்ஹா, அசெக்கியா மூன்றும் ஒன்றா?

இல்லை. 'கனால்' என்பது பெரும்பாலும் பெரியது. அரசோ நிறுவனமோ கட்டியதாக இருக்கும், கப்பல் போகும் கால்வாய்க்கும் அதே பெயர்தான். 'சாங்ஹா' என்றால் வெறும் பள்ளம். குழாய் பதிக்கத் தோண்டினாலும் சாங்ஹாதான். ஆலைக்குத் தண்ணீர் கொண்டுபோவது 'காஸ்'. சாலையோர மழைநீர்ப் பள்ளம் 'குனேத்தா'.

இடத்துக்கு இடம் எல்லை மாறும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பிலிப்பைன்ஸின் இலோகோஸ் பகுதியில் சாங்ஹா என்ற சொல்லிலிருந்தே 'சாங்ஹேரா' என்று பாசனச் சங்கத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

அசெக்கியாவின் உறுப்புகளுக்கு என்னென்ன பெயர்கள்?

தண்ணீர் போகும் வழியிலேயே நடந்து பார்ப்போம்.

ஆற்றின் குறுக்கே கல், மரக்கிளை, மண் போட்டோ, கான்கிரீட்டில் கட்டியோ தண்ணீரைத் திருப்பும் இடம் ஸ்பெயினில் 'அசூத்', நியூ மெக்சிகோவில் 'ப்ரேசா'. நம் ஊரில் ஆற்றில் கொரம்பு போடுவது என்பார்களே, பழைய ப்ரேசாக்கள் ஏறத்தாழ அப்படித்தான். வெள்ளம் வந்தால் அடித்துக்கொண்டு போகும், மறுபடி கட்டுவார்கள். அங்கிருந்து தொடங்கும் முதன்மை வாய்க்கால் 'அசெக்கியா மாத்ரே', அதாவது தாய் வாய்க்கால். அதில் தண்ணீரைத் திறந்து மூடும் மதகு 'கோம்புவெர்த்தா'. தண்ணீரைப் பங்கு போட்டுப் பிரிக்கும் கல் கட்டுமானம் 'பார்த்திதோர்'. பங்குக்குத் தகுந்தபடி அதன் வாய்களின் அகலம் இருக்கும் என்பதால், வரும் தண்ணீர் கூடினாலும் குறைந்தாலும் விகிதம் மாறாது.

கிளை வாய்க்காலுக்கு ஊருக்கு ஊர் ஒரு பெயர். ஸ்பெயினில் 'பிரசால்' என்றும் 'இஹுவேலா' என்றும் சொல்கிறார்கள். முதலாவது கை என்ற சொல்லிலிருந்தும், இரண்டாவது மகள் என்ற சொல்லிலிருந்தும் வந்தவை. நியூ மெக்சிகோவில் 'சங்கிரியா'. மதுபானத்தின் பெயராக நாம் அறிந்த அதே சொல்தான். ரத்தம் வடிப்பது என்பது மூலப்பொருள், தாயின் உடலிலிருந்து வடிந்து போவதால் அந்தப் பெயர்.

வயல் குடித்தது போக மிச்சம் ஓடும் வடிகால் நியூ மெக்சிகோவில் 'தேசாகுவே'. ஸ்பெயினின் முர்சியா சமவெளியில் அது 'அசார்பே', இதுவும் அரபிச் சொல். முர்சியாக்காரர்கள் ஒரு வயலின் வடிகாலையே அடுத்த வயலின் பாசனமாக்கி, வரும் தண்ணீருக்கும் வடியும் தண்ணீருக்கும் தனித்தனி வலைப்பின்னல் வைத்திருப்பதால் அசார்பே அங்கே முக்கியமான சொல்.

'அசெக்கியா கூடி முடிவெடுத்தது' என்று படித்தேன். வாய்க்கால் எப்படி முடிவெடுக்கும்?

இந்தக் கேள்வி வராமல் அசெக்கியாவைப் புரிந்துகொள்ள முடியாது. அசெக்கியா என்றால் வாய்க்கால். அதே மூச்சில், அந்த வாய்க்காலில் தண்ணீர் உரிமை உள்ள மக்களின் அமைப்பு. வாய்க்கால் ஓடினால் முதல் பொருள். அசெக்கியா தேர்தல் நடத்தினால், வழக்குப் போட்டால், அபராதம் விதித்தால் இரண்டாவது பொருள். வினைச்சொல்லைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

இது மிகத் தெளிவாகத் தெரிவது அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில். 1598-இல் ஹுவான் தே ஒன்யாதேயின் தலைமையில் வந்த ஸ்பானியக் குடியேறிகள் இன்றைய ஓக்கே ஒவிங்கே என்ற ஊரின் அருகில் முதல் அசெக்கியாவை வெட்டத் தொடங்கினார்கள். வெட்டும் வேலையில் பெரும்பங்கு அந்த மண்ணின் புவெப்லோ மக்களுடையது. அவர்களுக்கு ஸ்பானியர் வருவதற்கு முன்பே பாசனம் தெரியும். இதைச் சொல்லாமல் ஒன்யாதே பெயரை மட்டும் எழுதுவது நியாயமில்லை.

இன்று அந்த மாநிலத்தில் சுமார் 700 அசெக்கியாக்கள் இருக்கின்றன. மாநிலச் சட்டப்படி இவை உள்ளாட்சி போன்ற அந்தஸ்துள்ள அமைப்புகள். உரிமை உள்ள ஒவ்வொருவரும் 'பார்சியாந்தே'. அவர்கள் கூடி மூன்று 'கொமிசியோனாதோஸ்' என்ற ஆணையர்களையும் ஒரு 'மயோர்தோமோ'வையும் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த நாளில், எத்தனை மணி நேரம், யாருடைய வயலுக்குத் தண்ணீர் என்று சொல்வது மயோர்தோமோவின் வேலை. மதகு சாவி அவர் கையில். தண்ணீர் குறைந்த ஆண்டில் ஊரிலேயே கஷ்டமான உத்தியோகம் அதுதான்.

வசந்த காலத்தில் தண்ணீர் விடுவதற்கு முன்னால் 'லிம்பியா' நடக்கும். எல்லாரும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வந்தாக வேண்டும். வர முடியாதவர் ஆள் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் பணம் கட்ட வேண்டும். மயோர்தோமோ ஒரு கோலால் அளந்து ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு ஒதுக்குவார். அந்தத் துண்டுக்குப் பெயர் 'தாரேயா'. போன வருஷம் படிந்த வண்டலையும் சருகையும் கரையில் முளைத்த வில்லோ வேர்களையும் வெட்டி எறிந்துவிட்டு, எல்லாரும் அடுத்த துண்டுக்கு நகர்வார்கள். யார் எத்தனை ஆள் அனுப்ப வேண்டும் என்பது அவரவர் தண்ணீர்ப் பங்கைப் பொறுத்தது. மே 15-ஆம் தேதி, உழவர்களின் புனிதரான சான் இசித்ரோ திருநாளில், பல ஊர்களில் அவர் சிலையை ஊர்வலமாகக் கொண்டுபோய் வாய்க்காலை மந்திரிப்பார்கள்.

ஆக, நியூ மெக்சிகோவில் ஒருவர் தன் தண்ணீர் உரிமையை வேறொரு ஊருக்கோ நகர வளர்ச்சித் திட்டத்துக்கோ விற்கப் போனால் அது அவர் சொந்த விஷயம் அல்ல. ஒருவர் விலகினால் லிம்பியாவுக்கு ஆள் குறையும், வாய்க்காலில் ஓடும் தண்ணீரும் குறையும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. இப்படிப்பட்ட மாற்றத்தை ஆராய்ந்து மறுக்கும் அதிகாரத்தை 2003-இல் சட்டம் அசெக்கியாக்களுக்கே கொடுத்தது. வடக்கே கொலராடோவில் சான் லூயிஸ் ஊரின் 'மக்கள் வாய்க்கா'லுக்கு 1852-ஆம் ஆண்டு உரிமை இருக்கிறது. அந்த மாநிலத்தில் தொடர்ந்து வரும் நீர் உரிமைகளில் அதுவே மூத்தது. கொலராடோ மாநிலமாக ஆனதே 1876-இல்தான்.

வலென்சியாவில் தண்ணீருக்குத் தனி நீதிமன்றம் இருக்கிறதாமே?

ஆமாம், இன்றும் நடக்கிறது. வாரா வாரம் வியாழக்கிழமை மதியம் 12 மணிக்கு, வலென்சியா பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில். பேராலயத்தின் மிகெலெத்தே கோபுர மணி அடிக்கும்போது கறுப்பு மேலங்கி அணிந்த எட்டுப் பேர் வட்டமாக நாற்காலிகளில் அமர்வார்கள். துரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு அசெக்கியாக்களின் பிரதிநிதிகள் அவர்கள். 'சிந்திக்' என்று பெயர். சட்டம் படித்தவர்கள் அல்ல. தங்கள் நிலத்தில் தாங்களே பயிர் செய்யும் விவசாயிகள், பாசனதாரர்கள் தேர்ந்தெடுத்தவர்கள்.

காவலர் ஒவ்வொரு அசெக்கியாவின் பெயராகச் சொல்லி, குற்றம் சாட்டப்பட்டவர் யாராவது உண்டா என்று கூவுவார். குவார்த், மிஸ்லாத்தா, ஃபவாரா, ரஸ்கான்யா, மெஸ்தாய்யா என்று பெயர்கள் வரிசையாக விழும். பல வியாழக்கிழமைகளில் யாரும் முன்வர மாட்டார்கள். சில நிமிடங்களில் கலைந்துவிடும். வழக்கு இருந்தால் எல்லாமே வாய்மொழி, வலென்சியா மொழியில். வழக்கறிஞர் இல்லை. யார் பேசலாம் என்பதைத் தலைவர் கால் நுனியால் சுட்டிக் காட்டுவது பழைய வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்த விதி இது: ஆற்றின் வலது கரை வாய்க்காலில் தகராறு என்றால் தீர்ப்பை முன்மொழிவது இடது கரை சிந்திக்குகள். இடது கரைத் தகராறுக்கு வலது கரையார். தன் வாய்க்கால் வழக்கில் அந்த வாய்க்காலின் சிந்திக் தீர்ப்பில் கலந்துகொள்வதில்லை. தீர்ப்பு அங்கேயே, அப்போதே. மேல்முறையீடு இல்லை. முறை தவறித் தண்ணீர் எடுத்தது, பக்கத்து வயலை மூழ்கடித்தது, தன் பகுதியைத் தூர்வாராமல் விட்டது போன்றவைதான் வழக்குகள்.

இதை யாரும் சுற்றுலாக் காட்சி என்று தள்ளிவிட வேண்டாம். ஸ்பெயினின் 1985-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டம் இதைப் பெயர் சொல்லி அங்கீகரிக்கிறது. யுனெஸ்கோ 2009-இல் இதையும் முர்சியாவின் பாசன நீதிமன்றமான நல்லோர் மன்றத்தையும் சேர்த்து மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதே 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ராம், பொதுச் சொத்தை மக்களே விதி வகுத்து நூற்றாண்டுக் கணக்கில் காக்க முடியும் என்பதற்கு எடுத்துக்காட்டிய இடங்களில் வலென்சியா, முர்சியா பாசனங்களும் உண்டு. மேலே சொன்ன இலோகோஸ் சாங்ஹேராக்களும் உண்டு.

1238-இல் அரகோன் அரசர் முதலாம் ஜாவ்மே வலென்சியாவைப் பிடித்தார். ஆட்சி மாறியது, மதம் மாறியது. ஆனால் தண்ணீரை முஸ்லிம்கள் காலத்தில் இருந்த வழக்கப்படியே பகிர வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். வாய்க்காலை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் விதிகளை விட்டுவிட்டால் தண்ணீர் ஓடாது என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

தண்ணீரை எந்த அளவையில் பங்கிடுகிறார்கள்?

வலென்சியாவில் 'ஃபீலா' என்ற பழைய அலகு. இதை லிட்டராக மாற்ற முயலாதீர்கள். ஆற்றில் ஓடும் நீரில் இத்தனை பங்கில் ஒரு பங்கு என்பதுதான் அதன் பொருள். ஆறு வற்றினால் ஃபீலாவும் சுருங்கும். பஞ்ச காலத்தில் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் குறையும் என்பதுதான் இதில் உள்ள நியாயம்.

முறை வைத்துப் பாய்ச்சுவதற்குத் 'தாந்தா' என்று பெயர். 'என் தாந்தா வியாழக்கிழமை இரவு' என்றால் அன்று தூக்கம் இல்லை என்று அர்த்தம்.

எல்லா இடத்திலும் தண்ணீர் நிலத்தோடு ஒட்டியிருப்பதில்லை. வலென்சியாவில் நிலம் விற்றால் தண்ணீர் உரிமையும் கூடவே போகும், தண்ணீரைத் தனியே விற்க முடியாது. தெற்கே, இன்னும் வறண்ட எல்ச்சேயிலும் லோர்காவிலும் தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிந்து, ஏலத்தில் விற்கும் பண்டமாக இருந்தது. இரண்டும் அசெக்கியாக்கள்தான். எனவே அசெக்கியா என்றாலே சமத்துவம் என்று எழுதிவிடக் கூடாது.

'அசெக்கியா தே கரேயோ' என்றால் என்ன?

கிரனாடா அருகே சியர்ரா நெவாதா மலையில், அல்புஹார்ரா ஊர்களில் உள்ள ஒரு தனி வகை. இது வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோவதில்லை, மலைக்குள் இறக்குகிறது. படிக்கும்போது கொஞ்சம் நம்ப முடியாதுதான்.

பனி உருகும் மாதங்களில் தேவைக்கு மேல் தண்ணீர் வரும். அதைத் திருப்பி மலையின் உயரத்தில் நீளமாக ஓடவிடுவார்கள். கரை, தரை எல்லாம் மண்ணாகவே இருக்கும், கசிய வேண்டும் என்பதற்காகத்தான். பிறகு குறிப்பிட்ட சில இடங்களில் வாய்க்காலைக் கல்லும் புல்தரைத் துண்டும் வைத்து அடைத்து, தண்ணீரைச் சரிவில் பரவவிடுவார்கள். உறிஞ்சும் பாறைப் பிளவுள்ள அந்த இடங்களுக்குச் 'சீமா' என்று பெயர். எந்தச் சீமாவில் விட்டால் கீழே எந்த ஊற்றில் வரும் என்பது வாய்க்காலைக் கவனிக்கும் 'அசெக்கியேரோ'வுக்குத் தெரியும். வாரங்கள், மாதங்கள் கழித்து, கோடையில் மழையே இல்லாதபோது, கீழே உள்ள கிராமங்களின் ஊற்றுகளில் அந்தத் தண்ணீர் வெளியே வரும்.

கிராமங்கள் காலியானபோது பல வாய்க்கால்கள் தூர்ந்தன, அவற்றை நம்பியிருந்த ஊற்றுகளும் நலிந்தன. கிரனாடா பல்கலைக்கழகத் தொல்லியலாளர் ஹோசே மரியா மார்த்தின் சிவாந்தோஸும் அவர் குழுவினரும் ஊர்க்காரர்கள், மாணவர்கள், தன்னார்வலர்களோடு சேர்ந்து கைவிடப்பட்ட அசெக்கியாக்களை மீட்டுவருகிறார்கள். 2014-இல் கான்யார் என்ற கிராமத்தின் பார்ஹாஸ் அசெக்கியா முதலில் சீரானது. கிரனாடா நகரத்தின் அல்பைசீன் குன்றுக்கு 11-ஆம் நூற்றாண்டில் தண்ணீர் கொண்டுவந்த அய்நாதாமார் அசெக்கியாவிலும் வேலை நடந்திருக்கிறது. தொல்லியல் என்றால் புதைந்ததைத் தோண்டிக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது என்று நினைத்தவர்களுக்கு இது நல்ல பதில். இங்கே தோண்டியதில் தண்ணீர் ஓடுகிறது.

லத்தீன் அமெரிக்காவில் பொருள் மாறுகிறதா?

பல இடங்களில் மாறுகிறது.

அர்ஜென்டினாவின் மென்தோசா நகரத்தில் அசெக்கியா என்றால் நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே ஓடும் திறந்த வாய்க்கால். ஆண்டுக்கு சுமார் 200 மில்லிமீட்டர் மழை மட்டுமே பெய்யும் பாலைநில நகரம் அது. தெரு முழுக்க நிழல் தரும் மரங்கள் உயிரோடு நிற்பது இந்த வாய்க்கால்களால்தான். ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கிருந்த வார்ப்பே மக்கள் வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். 1861 நிலநடுக்கத்துக்குப் பின் புதிதாகக் கட்டிய நகரத்தில் மரமும் அசெக்கியாவும் தெருவின் பகுதியாகவே ஆகிவிட்டன. புதிதாகப் போகிறவர்கள் கால் இடறி உள்ளே விழாமல் பார்த்து நடக்க வேண்டும். வெளியே திராட்சைத் தோட்டங்களில் மதகு திறப்பவருக்குத் 'தொமேரோ' என்று பெயர்.

மெக்சிகோ நகரத்தின் பழைய ஆவணங்களில் அசெக்கியா என்றால் படகு போகும் கால்வாய். ஏரி நகரமாக இருந்த காலத்தில் 'அசெக்கியா ரெயால்' வழியாகச் சோச்சிமில்கோ பக்கத்துக் காய்கறிகள் படகில் நகரத்தின் நடுச் சதுக்கம்வரை வந்தன. அங்கே 'பாசன வாய்க்கால்' என்று மொழிபெயர்த்தால் வாக்கியமே கோணலாகிவிடும்.

பெருவில் வாய்க்கால்களின் பழமை ஸ்பானியருக்கு வெகு முந்தையது. சொல்தான் ஸ்பானியர் கொடுத்தது. மலை ஊர்களில் கெச்சுவா மொழியின் 'யார்க்கா' என்ற சொல்லும் கூடவே புழங்குகிறது. ஆண்டுதோறும் தூர்வாரும் 'யார்க்கா அஸ்பி' பாட்டும் விருந்துமாக நடக்கும் திருவிழா.

அசெக்கியாவுக்குச் சிமென்ட் பூசினால் நல்லதுதானே? ஏன் எதிர்க்கிறார்கள்?

கசிவு நின்றால் கடைமடைக்குக் கூடுதல் தண்ணீர் போகும், தூர்வாரும் வேலை குறையும். பொறியாளர்கள் இதைச் சொல்வதில் நியாயம் உண்டு; கரை உடைந்துகொண்டே இருக்கும் இடத்தில் வேறு வழியும் இல்லை.

ஆனால் கசியும் தண்ணீர் வீணாகப் போகிறது என்ற கணக்கு சரியில்லை. நியூ மெக்சிகோவில் ரியோ கிராந்தே பள்ளத்தாக்கில் செய்த ஆய்வுகள், மண் அசெக்கியாக்களிலிருந்து கசியும் நீர் நிலத்தடி நீராகச் சேர்ந்து, பிறகு மெதுவாக ஆற்றுக்கே திரும்புவதைக் காட்டுகின்றன. கிணறுகளில் மட்டம் ஏறுகிறது. கரையோரப் பருத்திப் பாப்லர் மரங்களும் பறவைகளும் பிழைக்கின்றன. அல்புஹார்ராவில் வாய்க்காலைக் குழாயாக்கிய இடங்களில் அதற்குக் கீழே செஸ்ட்நட் மரங்கள் காய்வதை ஊர்க்காரர்களே சொல்வார்கள். கரேயோ வாய்க்காலுக்குச் சிமென்ட் பூசுவது அதன் வேலையையே நிறுத்துவதாகும். மற்ற இடங்களிலும், கசிவை நம்பி யார் யார் வாழ்கிறார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் சிமென்ட் மூட்டையை இறக்க வேண்டும் என்பது என் கருத்து.

தமிழில் எப்படி மொழிபெயர்ப்பது?

வாய்க்காலைக் குறிக்கும் இடத்தில் 'வாய்க்கால்' என்றே எழுதுங்கள். அழகான சொல், எல்லாருக்கும் தெரியும். அமைப்பைக் குறிக்கும் இடத்தில் 'வாய்க்கால் பாசனதாரர் சங்கம்' என்று எழுதலாம். இரண்டும் கலந்து வரும் நீண்ட கட்டுரை என்றால் 'அசெக்கியா' என்றே வைத்து, முதல் முறை வரும்போது இரண்டு பொருளையும் ஒரு வரியில் விளக்கிவிடுவது மேல்.

உறுப்புகளுக்கு நம்மிடம் சொல் பஞ்சமே இல்லை. கோம்புவெர்த்தா மதகு, பிரசால் கிளை வாய்க்கால், தேசாகுவே வடிகால், தாந்தா முறை, லிம்பியா தூர்வாருதல். இவற்றுக்கு ஸ்பானிஷ் சொல்லை இழுத்துவர வேண்டிய தேவை இல்லை.

இரண்டு இடங்களில் நிதானம் வேண்டும். மயோர்தோமோவை 'நீர்க்கட்டி' என்று எழுதத் தோன்றும். வேலை ஒத்ததுதான். ஆனால் நம் ஊர் நீர்க்கட்டி பல இடங்களில் பரம்பரையாக, பெரும்பாலும் தலித் குடும்பங்களிலிருந்து வந்து, நெல் கூலி வாங்கிக்கொண்டு பிறர் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். மயோர்தோமோ பாசனதாரர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. அந்த வேறுபாட்டை மறைக்கும் மொழிபெயர்ப்பு இரண்டு ஊர் வரலாற்றையும் தப்பாகச் சொல்லிவிடும். 'வாய்க்கால் மேலாளர்' என்பது சுமாரான சொல்தான், ஆனாலும் பாதுகாப்பானது.

அதேபோல் லிம்பியாவுக்குக் 'குடிமராமத்து' என்று போடும் ஆசை. அந்தச் சொல்லுக்கு நம்மிடம் தனி வரலாறு இருக்கிறது. 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது, 2017-இல் அதே பெயரில் அரசுத் திட்டம் வந்தது. தமிழ் வாசகர் மனதில் அவையெல்லாம் ஓடும். ஒப்பிட்டு ஒரு வரி எழுதலாம். மொழிபெயர்ப்பாகப் போட வேண்டாம்.

இதிலிருந்து பிறந்த வேறு சொற்கள் உண்டா?

சில உண்டு. 'அசெக்கியார்' என்றால் வாய்க்கால் வெட்டுதல். 'அசெக்கியேரோ' வாய்க்காலைக் கவனிப்பவர். 'அசெக்கியாஹே' என்பது முர்சியாவில் வாய்க்கால் பராமரிப்புக்கு நில உரிமையாளர்கள் கட்டும் வரி. 'பாசனதாரர் சமூகம்' என்ற பொருளில் ஸ்பெயின் சட்டங்களில் 'கொமுனிதாத் தே ரெகாந்தெஸ்' என்று வரும்; அசெக்கியா என்ற சொல் அதில் இல்லாவிட்டாலும் பேசுவது பெரும்பாலும் அதே அமைப்பைத்தான்.

ஊர்ப் பெயர்களிலும் இடப் பெயர்களிலும் வருகிறதா?

நிறைய. கிரனாடாவில் ஹெனரலீஃபே அரண்மனையின் நடுமுற்றத்துக்கு 'பாதியோ தே லா அசெக்கியா' என்று பெயர். அதன் நடுவே ஓடுவது அலங்கார நீரோடை மட்டுமல்ல. 13-ஆம் நூற்றாண்டில் கிரனாடாவை ஆண்ட நஸ்ரி அரசர்கள் தார்ரோ ஆற்றிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தூரம் கொண்டுவந்த அரச வாய்க்காலின் ஒரு பகுதி. பக்கத்து அல்ஹம்ப்ரா அரண்மனைக் கோட்டையின் குளங்களுக்கும் நீரூற்றுகளுக்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்தது. நியூ மெக்சிகோவின் சாந்தா ஃபே நகரில் 'அசெக்கியா மாத்ரே' என்ற தெருவில், அந்தப் பெயருக்குரிய தாய் வாய்க்கால் இன்னும் சாலையை ஒட்டி இருக்கிறது. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிமடத்துக்காக வெட்டிய எஸ்பாதா அசெக்கியா, ஒரு ஓடையைக் கல் வளைவுப் பாலத்தின் மேலாகத் தாண்டிப் போகிறது. சான் அன்டோனியோவின் அந்தக் காலத் துறவிமடங்கள் 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. ஐடஹோ மாநிலத்தில் மினிடோக்கா மாவட்டத்தில் 'அசெக்கியா' என்றே ஒரு சின்ன ஊர் உண்டு. அதுவும் பாசன நிலம்தான்.